கையில் ரிமோட் வேண்டாம், காலடியில் ஒரு மிதி போதும்

போரில் ஒரு கையை இழந்தவர் சிறிய துளையிடும் கருவியையோ மெருகேற்றும் சில்லையோ இயக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் கை வேலைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு கை வேண்டும். அந்த வேலையைக் காலிடம் ஒப்படைக்கலாம். பழைய ட்ரோனிலோ விளையாட்டு விமானத்திலோ கழற்றிய பிரஷ்லெஸ் மோட்டரே இதற்குப் போதும். ரேடியோ ரிமோட் தேவையில்லை.

சாதாரண மோட்டரில் கார்பன் பிரஷ்கள் சுருள்களுக்கு மின்னை மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன. பிரஷ்லெஸ் மோட்டரில் அவை இல்லை; மூன்று வயர்கள் மட்டுமே உண்டு. அவற்றைப் பற்றறியில் நேரடியாகத் தொடுத்தால் மோட்டர் சுழலாது, சூடாகிக் கருகும். மூன்று வயர்களுக்கும் முறைவைத்து மின்னைக் கொடுப்பது ஈஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்படுத்தி.

ஈஎஸ்சிக்கு வேகத்தைச் சொல்வது ஒரு சிறிய மின்துடிப்பு. பெரும்பாலானவற்றில் 1000 மைக்ரோ செக்கன் நீளமான துடிப்பு 'நில்' என்றும், 2000 மைக்ரோ செக்கன் 'முழு வேகம்' என்றும் பொருள்படும். இது செக்கனுக்கு ஏறக்குறைய 50 தடவை வரவேண்டும். ரிமோட்டின் ரிசீவர் செய்வதும் இதைத்தான். துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஈஎஸ்சிக்குத் தெரியாது.

மிக எளிய வழி சேர்வோ டெஸ்டர். திருகுகுமிழ் கொண்ட இந்தச் சிறு பெட்டியில் ஈஎஸ்சியின் மெல்லிய மூன்று வயர்களைப் பொருத்தி, குமிழைக் குறைந்த நிலையில் வைத்துவிட்டுப் பற்றறியைத் தொடுக்க வேண்டும். 'பீப்' ஒலிகள் முடிந்தபின் மெதுவாகத் திருகினால் மோட்டர் சுழலும். சில ஈஎஸ்சிகள் 5 வோல்ற் தருவதில்லை. அவற்றுக்குத் தனி 5 வோல்ற் மின்வழங்கல் வேண்டும்.

கால்மிதி வேண்டுமானால் ஆர்டுயினோ பலகையும் 10 கிலோ ஓம் மாறுதடை ஒன்றும் வேண்டும். மாறுதடையின் தண்டை வில் பொருத்திய மிதியுடன் இணைத்தால், காலை எடுத்ததும் அது ஓய்வுநிலைக்குத் திரும்பும். காலும் இல்லாதவர் அதையே முழங்கையால் அழுத்தும்படி அமைக்கலாம். ஆர்டுயினோ மாறுதடையின் நிலையை 0 முதல் 1023 வரையான எண்ணாக வாசித்து, அதற்கேற்ற துடிப்பை அனுப்பும். பலகை கணினியில் யூஎஸ்பி மூலம் இணைந்திருக்கும்போது ஈஎஸ்சியின் சிவப்பு வயரைத் தொடுக்க வேண்டாம்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. மாறுதடையின் மறை வயர் அறுந்தால் வாசிப்பு உச்சத்துக்கு ஏறும். காலை எடுத்த பின்பும் மோட்டர் முழு வேகத்தில் ஓடும். எனவே மிதியின் முழு அசைவும் 200க்கும் 800க்கும் இடையில் அடங்குமாறு பொருத்துங்கள். 100க்குக் கீழோ 900க்கு மேலோ வாசித்தால் 'நில்' என்ற துடிப்பை அனுப்பும்படி நிரலை எழுதுங்கள். நடு வயருக்கும் மறைக்கும் இடையில் 100 கிலோ ஓம் தடை ஒன்றைப் பலகையின் பக்கமாகப் போட்டால், நடு வயர் அறுந்தாலும் வாசிப்பு பூச்சியத்துக்கு இறங்கும். மின் வந்தவுடன் மிதி ஓய்வில் இருந்தால் மட்டுமே மோட்டர் புறப்பட வேண்டும். பாவனைக்கு முன், வெறும் மோட்டரை ஓடவிட்டு ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அது நிற்க வேண்டும்.

மோட்டரில் 1000 கேவி என்றிருந்தால் சுமையின்றி ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று என்று அர்த்தம். 11.1 வோல்ற் பற்றறியில் அது 11,100 சுற்றாகும். ஆகவே விசிறியைக் கழற்றி, மோட்டரை மேசையில் இறுகப் பூட்டி, கண்ணாடி அணிந்தே சோதியுங்கள். விசிறியின் காற்று இல்லாததால் மோட்டர் விரைவில் சூடாகும், இடையிடையே நிறுத்துங்கள்.

சென்சர் இல்லாத இந்த மோட்டர்கள் பாரமான சுமையுடன் புறப்படத் தடுமாறும். துளையிடவும் மெருகேற்றவும் இவை பொருந்தும். தையல் இயந்திரம் போன்று மெதுவாக, பலத்துடன் புறப்பட வேண்டிய வேலைக்கு ஹோல் சென்சர் பொருத்திய மோட்டரும் அதற்குரிய கட்டுப்படுத்தியுமே சரி. பொருட்களை வாங்கும் முன், எந்த வேலைக்கு என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.