கடையைத் திருத்தியவருக்குத் தண்டமா?

அம்பிட்டியவிலிருந்து காலையில் பஸ் ஏறிக் கண்டிக்கு இறங்கும் நம்மவர்களில் பலருக்கு நகருக்குள் ஒரு கடை இருக்கிறது. அல்லது வாப்பாவின் பெயரில் பழைய கடைக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. கீழே வியாபாரம். முன்பு குடும்பம் குடியிருந்த மேல்மாடியில் இன்று வெற்றுப் பெட்டிகளும் தூசியும்தான். ஓடு உடைந்தால் தகரத்தைப் போட்டு மூடிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறோம். ஏன் ஒழுங்காகத் திருத்தக் கூடாது என்று கேட்டால், "திருத்தினால் சோலைவரி கூடிவிடும்" என்பார்கள்.

இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. சோலைவரி, கட்டிடத்தின் வருடாந்தப் பெறுமதியின் மீது விதிக்கப்படுவது. வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்தில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதே அந்தப் பெறுமதி. உதாரணத்துக்கு, ஒரு கடையின் பெறுமதி ஒரு இலட்சம் ரூபா, வரி நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 ரூபா. உரிமையாளர் கடன்பட்டு மேல்மாடியைத் திருத்துகிறார். அடுத்த மதிப்பீட்டில் பெறுமதி இரண்டு இலட்சமானால் வரி 20,000. மாடிக்கு ஆள் வருமுன்னரே வரி வந்துவிடும். பக்கத்துக் கட்டிடத்தைப் பாழடைய விட்டவருக்கோ பழைய வரிதான்!

கட்டிடங்கள் இந்த நிலைக்கு வந்ததற்கு வரி மட்டும் காரணமல்ல. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பல இடங்களில் வாடகையைக் கட்டிப்போட்டது. சொற்ப வாடகை பெறும் உரிமையாளர் கூரைக்குச் செலவழிக்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாததற்கு வாடகைக்காரரும் செலவழிக்கவில்லை. பல வாரிசுகளுக்குப் பங்குள்ள சொத்தென்றால் கேட்கவே வேண்டாம். கண்டி 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பெருமையைக் காக்கப் பழைய கட்டிடத்தை நினைத்தபடி இடிக்கவோ உயர்த்தவோ கூடாது என்றால், அதன் செலவில் ஊரும் ஒரு பங்கை ஏற்க வேண்டாமா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1997இல் ஒரு வழியைக் கையாண்டது. கைவிடப்பட்ட கட்டிடங்களைத் திருத்திக் குடியிருப்பாக்கினால், திருத்தத்தால் கூடிய பெறுமதிக்குப் பத்து வருடங்களுக்கு வரியில்லை. பழைய பெறுமதிக்குரிய வரியைக் கட்டியே ஆக வேண்டும். 2000இல் புதிய கட்டிடங்களுக்கும் சலுகை நீண்டது. நகரின் மையம் மீண்டும் குடியேறியது. ஆனால் அங்கே சொத்து வரியில் பாதிக்கு மேல் பாடசாலைகளுக்குப் போவது. வசதியானவர்களின் புது வீடுகளுக்காகப் பிள்ளைகளின் பணம் குறைகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2022 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கான சலுகை வருடந்தோறும் நூற்றுக்கு 10 வீதம் குறையும்படி மாற்றப்பட்டது.

நமது நாட்டுக்கும் வரிச்சலுகை புதிதல்ல. 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் பெரிய முதலீட்டாளர் 25 வருடங்கள் வரை வரிவிலக்குப் பெற வழி செய்யப்பட்டது. சின்னக் கடைக்காரருக்குக் கிடைப்பது, வருட சோலைவரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்கு 10 கழிவு. அது நேரத்துக்குக் கட்டியதற்கே தவிர, கட்டிடத்தைத் திருத்தியதற்கல்ல.

நாம் கேட்க வேண்டியது பெரிய விலக்கு அல்ல. பழைய கட்டிடத்தை முறையான அனுமதியோடு திருத்துபவருக்கு, வருடாந்தப் பெறுமதியை ஏழெட்டு வருடங்களுக்கு உயர்த்தாமல் விட்டால் போதும். மாநகர சபைக்கு இன்று வரும் வரியில் ஒரு சதமும் குறையாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுபவருக்கு இந்தச் சலுகை கூடாது. மாடியைத் திருத்திய பிறகும் பெட்டி அடுக்குபவருக்கும் கூடாது. இருக்கும் வாடகைக்காரரை வெளியேற்றிவிட்டுத் திருத்துபவருக்கு அறவே கூடாது. மலேசியாவின் பினாங்கில் வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியில் நீங்கியதும் வாடகை எகிறி, தலைமுறையாக இருந்த சிறு வியாபாரிகளும் கைவினைஞர்களும் ஜோர்ஜ் டவுனை விட்டுப் போனார்கள். 2008இல் அந்த நகரமும் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. போனவர்கள் திரும்பவில்லை.

இதற்குச் சபையின் தீர்மானம் மட்டும் போதாமல் சட்டத் திருத்தமும் தேவைப்படலாம். 2023 மார்ச்சில் கலைந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, இப்போது மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வருட இறுதியில் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருமுன், கண்டி வர்த்தகர்கள் எத்தனை கட்டிடங்களின் மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது என்று தெருத்தெருவாக எண்ணி, அந்தக் கணக்கோடு போய் அவர்களைச் சந்திக்கலாம்.