13,000 அடி உயரத்தில் 8 நாள்கள்... நாயோடு மலையேறும் நண்பர்கள் கவனத்துக்கு!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோடைக்காலம் வந்துவிட்டால் இந்தக் காட்சி சகஜம். இரண்டு நண்பர்கள், ஆளுக்கொரு பெரிய முதுகுப்பை, முன்னால் துள்ளிக்கொண்டு ஓடும் நாய்கள். நாயின் முதுகிலும் குட்டியாக ஒரு பை இருக்கும். அதன் சாப்பாட்டை அதுவே சுமந்துகொண்டு வரும்! மூன்று, நான்கு நாள்கள் மலையிலேயே நடந்து, இரவில் டென்ட் போட்டுத் தூங்கி... படங்களைப் பார்த்தால் நமக்கும் கிளம்பத் தோன்றும்.

ஆனால், மிஸ்ஸியின் கதையைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

2012 ஆகஸ்ட் மாதம். டென்வர் நகருக்கு மேற்கே இருக்கும் பியர்ஸ்டாட் மலைக்கு, இளைஞர் ஒருவர் தன் நண்பரோடும் ஜெர்மன் ஷெப்பர்டு நாயான மிஸ்ஸியோடும் போனார். 14,000 அடியைத் தாண்டும் சிகரம் அது. பக்கத்துச் சிகரத்தோடு அதை இணைக்கும் பாறை முகடு, ரம்பத்தின் பல் போலவே இருக்கும். அங்கே நடந்தபோது கூர்மையான கற்கள் குத்திக் கிழித்ததில், மிஸ்ஸியின் பாதங்கள் புண்ணாகிவிட்டன. ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. அதன் எடையோ ஏறக்குறைய 50 கிலோ. இருவரும் தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் புயல் வேறு திரண்டு வந்தது. நாயை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

கீழே வந்து மீட்பு உதவி கேட்டார் உரிமையாளர். நாய்க்காக ஆட்களை அவ்வளவு ஆபத்தான இடத்துக்கு அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. அவர் மீண்டும் மேலே போகவில்லை.

சில நாள்கள் கழித்து அந்த வழியாகப் போன ஒரு தம்பதி, பாறை இடுக்கில் உயிரோடு கிடந்த மிஸ்ஸியைப் பார்த்தார்கள். தண்ணீர் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள். அவர்களாலும் தூக்க முடியவில்லை. இறங்கி வந்து, மலையேறுபவர்களின் இணையக் குழுவில் தகவல் போட்டார்கள். முன்பின் பழக்கமில்லாத 8 தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். பெரிய முதுகுப்பை ஒன்றுக்குள் மிஸ்ஸியை உட்காரவைத்து, மாற்றி மாற்றிச் சுமந்து இறக்க, சுமார் 9 மணி நேரம் ஆனது. அது தனியாக விடப்பட்டு அப்போது 8 நாள்கள் ஆகியிருந்தன.

உரிமையாளர்மீது விலங்கு வதை வழக்கு பாய்ந்தது. நாயின் உரிமையை அவர் விட்டுக்கொடுத்தார். மீட்டவர்களில் ஒருவரே மிஸ்ஸியை வளர்க்க எடுத்துக்கொண்டார். 'லக்கி' என்பது அதன் புதுப் பெயர்.

அந்த இளைஞரை அப்போது இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். திட்டுவது சுலபம். புயலுக்கு நடுவே, இரண்டு மனித உயிர்களா, ஒரு நாயா என்ற நிலை வந்தபோது அவர் எடுத்த முடிவை மட்டும் வைத்துப் பேசி என்ன பயன்? தவறு அதற்குப் பல மணி நேரம் முன்பே நடந்துவிட்டது. நம்மால் தூக்க முடியாத நாயை, கையையும் காலையும் ஊன்றி ஏற வேண்டிய பாறைக்குக் கூட்டிப்போனபோதே!

அதனால் பல நாள் பயணத்துக்கு முன் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம், நாய்க்கு அடிபட்டால் யார், எப்படித் தூக்குவது என்பதுதான். வீட்டிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நாயைச் சுமக்கவே மடித்து வைக்கும் துணித் தொட்டில் போன்ற பட்டைகள் கிடைக்கின்றன. 'இந்த இடத்தில் நாய் நொண்டினால், இருவரும் திரும்பிவிடுவோம்' என்று முன்பே பேசிவைத்துவிட்டால், மலையில் மனஸ்தாபம் வராது. ஏனென்றால் நாய் தானாகத் திரும்பலாம் என்று சொல்லாது. எஜமானர் நடக்கும்வரை வலியை மறைத்துக்கொண்டு பின்னாலேயே வரும்.

பாதப் பிரச்னை இன்று நேற்று வந்ததல்ல. 19-ம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலையில் கூலிட்ஜ் என்பவரும் அவர் அத்தை மெட்டா பிரெவூர்ட்டும் 'சிங்கெல்' என்ற நாயோடு சிகரம் சிகரமாக ஏறினார்கள். 1875-ல் மோன் பிளாங் உச்சியையே தொட்ட நாய் அது! பனியில் பாதம் கிழிகிறதே என்று தோல் காலணி செய்து மாட்டினார்கள். சிங்கெலுக்குப் பிடிக்கவே இல்லை. இன்றைய நாய்களும் அப்படித்தான். ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியை வாங்கி நேராக மலையில் மாட்டினால், முதல் வேலையாக உதறித் தள்ளும். பல வாரங்களுக்கு முன்பே வீட்டில் போட்டுப் பழக்க வேண்டும்.

அதே கொலராடோவில், ஆஸ்பென் ஊருக்கு அருகே 'ஃபோர் பாஸ் லூப்' என்ற புகழ்பெற்ற பாதை இருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டர், நான்கு கணவாய்கள், நான்குமே 12,400 அடிக்கு மேல். பலரும் மூன்று, நான்கு நாள்களில் முடிப்பார்கள். அங்கே நாயை 6 அடிக் கயிற்றில் பிடித்தபடிதான் கூட்டிப்போக வேண்டும். மூஸ் எனும் பெரிய மான், நாயை ஓநாய் என்று நினைத்துப் பாயும். பயந்த நாய் எங்கே ஓடும்? உங்களிடம்தான், பின்னால் மூஸோடு! கரடி பயத்தால் நம் உணவோடு நாயின் உணவையும் கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

நாயின் சுமை, அதன் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. புதிதாகப் பழகும் நாய்க்கு அதைவிடக் குறைவு. வளர்ச்சி முடியாத குட்டிக்குச் சுமையே வேண்டாம். கோடையில் பிற்பகல் மின்னல் அங்கே வாடிக்கை என்பதால், விடிவதற்குள் கிளம்பி, மதியத்துக்குள் கணவாயைத் தாண்டி இறங்கிவிடுவார்கள் அனுபவசாலிகள்.

டென்ட் போட்டதும், அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச் அடித்து நான்கு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். தோல் தேய்ந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், மறுநாள் காலையில் கணவாய்ப் பக்கம் போகாமல், வந்த வழியே இறங்க வேண்டியதுதான்.