95 பர்சன்டைல் என்றால் 95 மதிப்பெண்ணா? உயர்கல்விச் சேர்க்கையில் தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொற்கள்

புது டெல்லி: ஜேஇஇ முதன்மைத் தேர்வையும், இளநிலை மருத்துவப் படிப்புகளுக்கான நீட் தேர்வையும் தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுத முடியும். ஆனால் தேர்வு முடிந்து, கலந்தாய்வுக்கான இணையதளத்திற்குள் நுழைந்ததும் மாணவர்களை வரவேற்பது பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே. அதுவும் பள்ளிப் பாடநூலில் படித்த ஆங்கிலம் அல்ல. அகராதியில் ஒரு பொருளும், விதிமுறைக் குறிப்பேட்டில் வேறொரு பொருளும் கொண்ட சொற்கள் அவை. அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டால், கைக்கு வந்த இடமே பறிபோகும் நிலை ஏற்படலாம்.

உறைவதா, மிதப்பதா, சறுக்குவதா?

ஐஐடி, என்ஐடி உள்ளிட்ட நிறுவனங்களுக்கான சேர்க்கையை 'ஜோசா' எனப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையம் பல சுற்றுகளாக நடத்துகிறது. இதில் இடம் ஒதுக்கப்பட்ட மாணவர் முன் வைக்கப்படும் மூன்று வாய்ப்புகள் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு. அகராதியைப் புரட்டினால் உறைதல், மிதத்தல், சறுக்குதல் என்றே பொருள் கிடைக்கும். இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

ஒரு மாணவர் சூரத்கல் என்ஐடியில் கணினி அறிவியலை முதல் விருப்பமாகவும், வாரங்கல் என்ஐடியில் கணினி அறிவியலை இரண்டாவது விருப்பமாகவும், அதே வாரங்கலில் மின்பொறியியலை மூன்றாவது விருப்பமாகவும் பதிவு செய்திருப்பதாகக் கொள்வோம். முதல் சுற்றில் அவருக்கு மூன்றாவது விருப்பம் ஒதுக்கப்படுகிறது. அவர் ஃப்ரீஸ் என்பதைத் தேர்வு செய்தால் அந்த இடமே உறுதி. அடுத்த சுற்றுகளில் அவரது பெயர் பரிசீலிக்கப்படாது. ஸ்லைடு என்றால் வாரங்கலை விட்டு அவர் வெளியே செல்ல மாட்டார். அதே நிறுவனத்தில் கணினி அறிவியல் இடம் காலியானால் மட்டும் அங்கு மாற்றப்படுவார். ஃப்ளோட் என்றால் வாரங்கல், சூரத்கல் ஆகிய இரண்டிலும் உள்ள மேல் விருப்பங்களுக்கு அவர் பரிசீலிக்கப்படுவார்.

ஃப்ளோட் கொடுத்தால் கையில் இருக்கும் இடம் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது. மேல் விருப்பம் எதுவும் கிடைக்காவிட்டால் பழைய இடம் அப்படியே நீடிக்கும். அதே நேரத்தில், மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். 'எனக்கு முந்தையதே போதும்' என்று திரும்பிச் செல்ல வழியில்லை. எனவே, உண்மையில் விரும்பாத ஒரு படிப்பைப் பட்டியலின் மேலே வைத்துவிட்டு ஃப்ளோட் கொடுப்பதுதான் ஆபத்து.

இந்த மூன்றைக் காட்டிலும் சிக்கலான சொல் ஒன்று உண்டு. அது 'குவெரி'. பதிவேற்றிய சான்றிதழில் குறை இருந்தால் அதிகாரிகள் எழுப்பும் கேள்வி அது. அதற்குக் குறித்த நேரத்திற்குள் பதில் அளிக்கவில்லை எனில், ஒதுக்கப்பட்ட இடம் ரத்து செய்யப்படும்.

மருத்துவக் கலந்தாய்வின் சொற்கள் வேறு:

அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்சிசி) நடத்தும் சேர்க்கையில் 'ஃப்ரீ எக்ஸிட்', 'எக்ஸிட் வித் ஃபார்ஃபீச்சர்' ஆகிய சொற்கள் இடம்பெறுகின்றன. முதல் சுற்றில் ஒதுக்கப்பட்ட இடத்தில் சேராமல் விலகினால் பண இழப்பு இல்லை. இதுவே ஃப்ரீ எக்ஸிட். இரண்டாம் சுற்றில் அவ்வாறு விலகினால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்காது. ஃபார்ஃபீச்சர் என்பது அந்த இழப்பையே குறிக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவினருக்கு 10 ஆயிரம் ரூபாயாக உள்ள இந்தத் தொகை, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு சொல்லின் பொருள் தெரியாததற்கு ஒரு குடும்பம் தரக்கூடிய விலை இது.

பர்சன்டேஜ் அல்ல, பர்சன்டைல்:

மாணவர்களும் பெற்றோரும் அதிகம் குழம்பும் இடம் இதுதான். பர்சன்டேஜ் என்பது ஒருவர் பெற்ற மதிப்பெண்ணின் சதவீதம். பர்சன்டைல் என்பதோ அவர் எத்தனை பேருக்கு இணையாக அல்லது முன்னால் நிற்கிறார் என்பதைக் காட்டும் அளவு. ஜேஇஇ முதன்மைத் தேர்வு பல நாட்களில், பல வேளைகளில், வெவ்வேறு வினாத்தாள்களுடன் நடைபெறுகிறது. ஒரு வேளையின் வினாத்தாள் கடினமாகவும், மற்றொன்று எளிதாகவும் அமையக்கூடும் என்பதால் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிடுவதில்லை.

ஒரு வேளையில் 50 ஆயிரம் பேர் தேர்வெழுதி, அவர்களில் 47,500 பேர் ஒரு மாணவரின் மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ பெற்றிருந்தால், அந்த மாணவரின் பர்சன்டைல் 95. அவர் 300-க்கு 285 பெற்றார் என்பது இதன் பொருள் அல்ல. 170 பெற்றிருந்தாலும் 95 பர்சன்டைல் வரக்கூடும். மொத்தம் 10 லட்சம் பேர் எழுதும் தேர்வில் 99 பர்சன்டைல் பெற்றவருக்கு முன்னால் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் இருப்பர். அதுவே 99.9 என்றால் ஆயிரம் பேர் மட்டுமே. தேசியத் தேர்வு முகமை ஏழு தசம இடங்கள் வரை இதைக் கணக்கிட்டு வெளியிடுவதன் காரணமும் அதுவே.

இந்தச் சொல் 2023 செப்டம்பரில் அரசியல் விவாதமாகவும் மாறியது. முதுநிலை நீட் தேர்வுக்கான தகுதி வரம்பை அனைத்துப் பிரிவினருக்கும் 'ஜீரோ பர்சன்டைல்' ஆக மத்திய சுகாதார அமைச்சகம் அப்போது குறைத்தது. இது பூஜ்ஜியம் மதிப்பெண் அல்ல. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும் அந்தத் தேர்வில், பூஜ்ஜியத்திற்கும் கீழே சென்றவர்களும் கலந்தாய்வில் பங்கேற்கத் தகுதி பெற்றனர்.

'அங்கீகாரம்' ஒன்று, பொருள் நான்கு:

சில இடங்களில் குழப்பம் ஆங்கிலத்தால் அல்ல, தமிழில் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வருகிறது. கல்லூரி விளம்பரங்களில் காணப்படும் 'அங்கீகாரம் பெற்றது' என்ற தொடர், ஆங்கிலத்தில் ரெகக்னிஷன், அப்ரூவல், அஃபிலியேஷன், அக்ரெடிடேஷன் ஆகிய நான்கில் எதையும் குறிக்கலாம். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக அமையாதவை.

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22-ஆவது பிரிவு வரையறுக்கிறது. அந்த உரிமை உள்ள பல்கலைக்கழகம் ஒரு கல்லூரியைத் தன்னுடன் இணைத்துக்கொள்வது அஃபிலியேஷன். பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்பை நடத்த ஏஐசிடிஇ தரும் அனுமதி அப்ரூவல். நாக், என்பிஏ ஆகிய அமைப்புகள் வழங்குவதுதான் அக்ரெடிடேஷன், அதாவது தரச் சான்று. இதில் நாக் முழு நிறுவனத்தை மதிப்பிடுகிறது. என்பிஏ ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. ஒரு கல்லூரியின் இயந்திரப் பொறியியலுக்கு என்பிஏ சான்று இருப்பதால், அங்குள்ள கணினி அறிவியலுக்கும் அது உண்டு என்று கொள்ள முடியாது. வெளிநாட்டில் பொறியாளராகப் பணியாற்ற விரும்புவோருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. பொறியியல் பட்டங்களின் பரஸ்பர ஏற்புக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது என்பிஏ வாயிலாகத்தான்.

'புரொவிஷனல்' என்ற சொல்லும் கவனத்திற்குரியது. தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும்போது, ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டணம் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். இறுதி விடைக்குறிப்பு வந்த பின்னர் அந்த வாய்ப்பு இல்லை.

'ஃபெயில்' மறைந்தது, 'டிடென்ஷன்' திரும்பியது:

பள்ளி அளவிலும் சொற்கள் மாறி வருகின்றன. சிபிஎஸ்இ 2020-இல் மதிப்பெண் சான்றிதழிலிருந்து 'ஃபெயில்' என்ற சொல்லை நீக்கி, 'எசென்ஷியல் ரிபீட்' என்பதைக் கொண்டுவந்தது. 'கம்பார்ட்மென்ட்' தேர்வு என நெடுங்காலம் அழைக்கப்பட்டது 2023 முதல் 'சப்ளிமென்டரி' ஆனது. பெயர் மென்மையானாலும் மாணவர் மீண்டும் தேர்வெழுதித்தான் ஆக வேண்டும்.

'டிடென்ஷன்' என்ற சொல்லுக்குப் பிரிட்டிஷ் பள்ளிகளில், தண்டனையாக வகுப்பு முடிந்த பின்னும் மாணவரை நிறுத்தி வைத்தல் என்று பொருள். இந்தியாவில் அது, அதே வகுப்பில் மேலும் ஓராண்டு நிறுத்தி வைப்பதைக் குறிக்கிறது. 5 மற்றும் 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை இவ்வாறு நிறுத்தி வைக்க வழிசெய்யும் விதித் திருத்தத்தை மத்திய அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. தமிழ்நாட்டில் கட்டாயத் தேர்ச்சி முறையே தொடரும் என மாநில அரசு அறிவித்த நிலையில், கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்குப் புதிய விதி பொருந்துகிறது. அதன்படி, தேர்ச்சி பெறாத மாணவருக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறவில்லை எனில் மட்டுமே அதே வகுப்பில் நிறுத்தலாம். ஆயினும், எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை எந்த மாணவரையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் அந்த விதி கூறுகிறது.