உஷார்! சான்றிதழின் அடியில் இருக்கும் பொடி எழுத்து

மே மாதம் வந்தால் போதும், பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘15 நாளில் மாண்டிசோரி டீச்சர் ஆகலாம். வீட்டிலிருந்தே படிக்கலாம். மத்திய அரசு அங்கீகாரம். வேலைக்கு உத்தரவாதம். இன்று மட்டும் பாதிக் கட்டணம்.’ கீழே ஒரு செல்போன் எண், ஓரத்தில் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்று. பிளே ஸ்கூலிலும் நர்சரிப் பள்ளியிலும் வேலை பார்க்கும் சகோதரிகளே, ஜிபேயைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அந்த ‘அங்கீகாரம்’. சான்றிதழின் அடியில் ஐஎஸ்ஓ 9001, உதயம் பதிவு எண், நிதி ஆயோக் பதிவு எண் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். மூன்றும் நிஜமாகவே இருக்கலாம், சாமர்த்தியமே அதில்தான். உதயம் என்பது சிறுதொழில் நடத்துகிறவர் ஆதார் எண்ணைக் கொடுத்து இணையத்தில் தாமே செய்துகொள்ளும் பதிவு. மாவு மில்லுக்கும் கிடைக்கும், டெய்லர் கடைக்கும் கிடைக்கும். நிதி ஆயோக் எண்ணுக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான ‘தர்பண்’ தளத்தில் பெயர் ஏறியிருக்கிறது என்பதைத் தாண்டி அர்த்தமில்லை. ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறையைப் பார்த்துத் தருவது; பாடத்தைப் பார்த்து அல்ல. ‘இவர் கொடுக்கும் ஆசிரியர் பட்டயம் செல்லும்’ என்று இந்த மூன்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கென்றே 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்சிடிஇ, இருக்கிறது. அது ஏற்கும் மழலையர் கல்விப் பட்டயம் 2 வருடப் படிப்பு. 15 நாள் எங்கே, 2 வருடம் எங்கே!

அடுத்து, மாண்டிசோரி என்ற பெயர். 1907-ல் ரோமில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்த மரியா மாண்டிசோரி, 1939-ல் சென்னைக்கே வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் ஊருக்கும் அந்தப் பெயருக்கும் அவ்வளவு பழைய சொந்தம். அதனால்தானோ என்னவோ, தெருவுக்கு ஒரு போர்டில் அது தொங்குகிறது. 1929-ல் அவர் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கம், ஏஎம்ஐ, இன்றும் பட்டயம் தருகிறது. அந்தப் படிப்பில் வகுப்பறை ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு உபகரணத்தைப் பற்றியும் தாமே எழுதி ஆல்பம் தயாரிக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, வாய்மொழித் தேர்வும் உண்டு. இவ்வளவு பாடுபட்டு வாங்குகிற அந்தப் பட்டயமே என்சிடிஇ பட்டயத்துக்கு ஈடாகாது. ஜூம் சான்றிதழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாண்டிசோரி வகுப்பில் ‘பிங்க் டவர்’ என்று ஒரு உபகரணம். 1 செ.மீ.யில் தொடங்கி 10 செ.மீ. வரை, ஒரே நிறத்தில் 10 மரக் கட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து வந்து பாயில் வைத்து, பெரியதிலிருந்து அடுக்க வேண்டும். ஆசிரியர் வாயைத் திறக்காமல் நிதானமாகச் செய்து காட்டுவார். குழந்தை தப்பாக அடுக்கினாலும் குறுக்கே பேசக் கூடாது. கோணலாக நிற்கும் கோபுரமே அதற்குச் சொல்லிவிடும். அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கப் பழகுவதற்கே பலருக்கு மாதங்கள் ஆகும். பிடிஎஃப் அனுப்பிக் கற்றுக்கொடுக்கிற சமாச்சாரமா இது?

‘அங்கன்வாடி வேலை உறுதி’ என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2025-ல் அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது பணியாளருக்குக் கேட்ட படிப்பு பிளஸ் டூ தேர்ச்சி. மாண்டிசோரி சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தருவது அரசின் பொறுப்பு. 2023-ல் தொடங்கிய ‘போஷண் பி படாய் பி’ திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நேரடிப் பயிற்சி நடக்கிறது. அதற்கு யாராவது கட்டணம் கேட்டால், கேட்கிறவர் மோசடிக்காரர்.

தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கு நல்ல வழி இல்லாமலும் இல்லை. இக்னோவில் மழலையர் பராமரிப்பும் கல்வியும் குறித்த பட்டயப் படிப்பு இருக்கிறது. அரசின் தீக்‌ஷா தளத்தில் மழலையர் கல்விப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிடைக்கும் சம்பளத்தில் வருடத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்கிச் சேர்ப்பதைவிட, இவற்றில் ஒன்றை உருப்படியாகப் படிக்கலாம்.

என் கோபமெல்லாம் தாளாளர்கள் மேல்தான். ‘ஜூனுக்குள் சர்டிபிகேட் கொண்டு வாம்மா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபைலில் வைக்கணும்’ என்று அவர்கள் அவசரப்படுத்துவதால்தான் இந்தக் கடைகளுக்கு வியாபாரம். அப்படிக் கேட்டால், எந்தப் படிப்பு, எந்த அமைப்பு கொடுத்தது செல்லும், கட்டணத்தைப் பள்ளி ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு கேட்பதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு பொறி: ‘வெரிஃபிகேஷனுக்கு’ என்று சொல்லி 10, 12-ஆம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வது. பாதியில் விலக நினைத்தால் மீதிக் கட்டணத்தைக் கட்டும்வரை திரும்பி வராது. ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் சாட், ரசீது, விளம்பரம் எதையும் அழிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.