காற்றே இல்லாமல் பொங்கும் கள்ளக்கடல்!

வெயில் சுள்ளென்று அடிக்கும். புயல் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

இந்த அலை பிறப்பது நம் கரையில் அல்ல. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் சுழன்றடிக்கும் காற்று எழுப்பும் நீண்ட அலைகள், சில நாட்கள் பயணித்து கேரளம், கன்னியாகுமரி கரைகளை எட்டுகின்றன. ஆழ்கடலில் அவை அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆழம் குறையும் இடத்தில்தான் எழும்பும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 15 விநாடிகளுக்கு மேல்கூட ஆகலாம். அந்த இடைவெளியில், ‘கடல் அமைதியாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். ஆபத்தே அதில்தான்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடலில் இறங்கிய 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது.

அலை வந்துசேர நாளாகும் என்பதால் இதை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ மையம்தான் கணித்து எச்சரிக்கிறது. கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். பிள்ளைகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். கிளம்பும் முன் செய்தியைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் தள்ளி நின்று ரசியுங்கள். கால் நனைக்க இன்னொரு நாள் இருக்கிறது!