ஏட்டறிவும் செவியறிவும்

இசை பயில்வார் முதற்கண் கற்கவேண்டுவது இலக்கணமா, செவிவழிப் பயிற்சியா என்னும் வினா பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் அடிக்கடி எழுவதுண்டு. விடை கூறுமுன், நாம் இழைத்த பிழையொன்றைக் கூறுதல் கடனாகும்.

சில ஆண்டுகளுக்குமுன் லிங்கநகரில் நம் அயல்வீட்டுச் சிறுவனொருவன், கோயிலிற் கேட்ட கோணேசர் பதிகத்தை ஆர்மோனியத்தில் தானே தேடித்தேடி வாசித்து வந்தான். "முதலிலே சரளிவரிசையைப் படித்துவிட்டுப் பெட்டியைத் தொடு, தம்பி" என்று தடுத்தோம். அவன் சரளியையும் கற்றிலன். பெட்டியையும் பின்னர்த் தொட்டிலன்.

அவன் செய்துவந்தது விளையாட்டன்று. திருஞானசம்பந்தர் அருளிய அப்பதிகத்தின் பண் புறநீர்மை. இந்நாளிற் பூபாள இராகத்திற் பாடப்பெறுவது. பூபாளத்தில் மத்திமமும் நிடாதமும் இல்லை. அக்கட்டைகளில் விரல் பட்டால் அவன் முகஞ்சுளித்து மீளுவான். இலக்கணம் கூறும் விதியைப் பெயரறியாமலே அவன் செவி கண்டிருந்தது. அப்பெயரை அன்றே சொல்லிக் கொடுத்திருப்பின், ஏனைய இராகங்களையும் அவ்வாறே ஆராய்ந்திருப்பான்.

ஆயின், செவி மட்டும் அமையுமோ? அமையாது. தான் கண்டது ஏன் பொருந்திற்று என்பதைச் செவி தானே சொல்லாது. 36 அங்குல நீளக் கம்பியொன்றை இழுத்துக் கட்டி மீட்டுக. அதன் ஒலியைச் சட்சமமாகக் கொண்டு, பஞ்சமம் ஒலிக்குமிடத்தைச் செவியாலேயே தேடிக் குறியிடுக. பின்னர் அளந்து பார்ப்பின், ஒலிக்கும் பகுதி 24 அங்குலமாயிருக்கும். மேற்சட்சமத்திற்கு 18 அங்குலம். மூன்றில் இரண்டு, இரண்டில் ஒன்று என்னும் இக்கணக்கை அறிந்தவன், வேறெக்கம்பியிலும் அவ்விடங்களை எளிதிற் காண்பான்.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த சுவாமி விபுலாநந்தர் இவ்விரு நெறியையும் இணைத்தவர். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், சிலப்பதிகாரத்து இசைக்குறிப்புக்களைக் கணிதத்தால் ஆராய்ந்து யாழ்நூல் இயற்றினார். எனினும் கணக்கோடு நின்றாரல்லர். 1947 ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியபோது, அவர் ஆராய்ந்தமைத்த யாழும் அவையில் மீட்டப்பெற்றது. ஏட்டிற் கண்டதைச் செவி ஏற்கவேண்டுமென்பதே அவர் கருத்துப்போலும்.

இலக்கியம் தோன்றிய பின்னரே இலக்கணம் பிறந்ததென்று வகுப்பிலே நாள்தோறும் கூறுகின்றோம். அச்சிறுவனிடத்து மட்டும் அதனை மறந்தோம். ஆதலின் ஆசிரிய நண்பர்களே, வாத்தியத்திற் கைவைத்த பிள்ளையைத் தடுக்கவேண்டா. அவன் தேடட்டும், கண்டதற்குப் பெயர் சொல்லுங்கள், அப்பெயரைக்கொண்டு மீண்டும் தேடச் செய்யுங்கள்.