றைன் நதியில் ஒரு பகல்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணத்திற் பிறந்து, கிணற்று நீரே கதியென வளர்ந்த என்போன்றார்க்கு, ஆறு என்பது பூமிசாத்திரப் படத்திற் காணும் நீலக் கோடேயாகும். சென்ற ஆவணி விடுமுறையில், ஜேர்மனியில் வாழும் என் தமையனார் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அக்கோடுகளுள் ஒன்றின்மீது ஒரு பகல் மிதந்து செல்லும் பேறு வாய்த்தது.

சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலைகளிலே தோன்றி, ஏறத்தாழ 1,230 கிலோமீற்றர் ஓடி, வடகடலோடு கலப்பது றைன் நதி. பிங்கனுக்கும் கொப்ளென்சுக்கும் இடையே மலைகளை அறுத்துச் செல்லும் அதன் 65 கிலோமீற்றர்ப் பள்ளத்தாக்கை 2002 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. காலையில் றூடஸ்ஹைம் துறையிலே கப்பலேறினோம். செங்குத்தான சரிவுகளிலே திராட்சைக் கொடிகள், குன்றுகள்தோறும் கோட்டைகள், அவற்றின் அடியிலே சிற்றூர்கள். இரு கரையிலும் புகைவண்டி ஓடுகின்றது. ஆயினும் பிங்கனிலிருந்து கொப்ளென்ஸ் நகரை அணுகும்வரை நதிக்குப் பாலம் ஒன்றில்லை. நம் ஊர்காவற்றுறைப் பாதையைப் போன்ற பாதைகளே மக்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கின்றன.

கௌப் என்னும் சிற்றூருக்கெதிரே, ஆற்றின் நடுவே, கல்லாலாகிய கப்பல்போல ஒரு கோட்டை நிற்கின்றது. 1327 ஆம் ஆண்டளவில் பவேரியனான லூட்விக் மன்னன் அதனைக் கட்டுவித்தது சுங்கம் தண்டுவதற்காகவே. இத்தகைய சுங்கத் துறைகள் நதிநெடுகப் பல இருந்தன. 1868 ஆம் ஆண்டின் மன்ஹைம் உடன்படிக்கை நதியைச் சுங்கமில்லாப் பெருவழியாக உறுதிசெய்தது. இன்று கப்பலோட்டிகள் அங்கே அஞ்சி நோக்குவது நீர்மட்ட அளவுகோலையே. 2018 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மழையின்மையால் அது 25 சென்றிமீற்றராக இறங்கியபோது, பாரக் கப்பல்கள் தம் சுமையிற் பெரும்பகுதியைக் குறைத்தே செல்ல நேர்ந்தது.

அப்பால் நதி ஒடுங்கி வளைகின்றது. வலக்கரையில் 132 மீற்றர் உயரமான லொறெலைப் பாறை. அதன்மேல் ஒரு மங்கை அமர்ந்து பாட, மயங்கிய ஓடக்காரர் மோதி மாண்டனர் என்பது கதை. கவிஞர் ஹைன்றிக் ஹைனே 1824 இல் அதனைப் பாட்டாக்கினார். கப்பலில் அப்பாட்டு ஒலித்தது. முதியோர் சிலர் உடன்பாடினர். இன்றும் அவ்வளைவிலே விளக்குச் சைகை காட்டியே கப்பல்களுக்கு வழிகாட்டுகின்றனர். மாலுமிகளின் மெய்யான அச்சமே மங்கை வடிவம் கொண்டது போலும்!

பாட்டு முடிந்ததும் தமையனார் சொன்னார்: "தம்பி, நான் இந்நாட்டுக்கு வந்த ஆண்டிலேதான் இந்த ஆறு செத்தது."

1986 ஆம் ஆண்டு நவெம்பர் முதலாம் நாள், பாசல் நகருக்கு அண்மையில் இரசாயனப் பண்டசாலையொன்று தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு பூச்சிகொல்லி மருந்துகள் ஆற்றிற் பாய்ந்தன. நீர் சிவந்தது, எண்ணிறந்த விலாங்குகள் மடிந்தன. "பிழைக்க வந்த இடத்தில் தண்ணீரும் நஞ்சாயிற்றே என்று கரையில் நின்று கலங்கினேன்" என்றார் அவர்.

ஆயின் அவ்வழிவே கண்ணைத் திறந்தது. கரைநாடுகள் 1987 இல் ஒன்றுகூடித் திட்டம் வகுத்தன. கழிவுநீர் சுத்திசெய்யப்பட்டது, அணைகளில் மீன்கள் ஏறுவதற்கு வழிகள் அமைக்கப்பட்டன. மறைந்துபோன சல்மன் மீன் கடலிலிருந்து மீண்டும் ஏறிவருகின்றது.

பிற்பகலில், மோசல் நதி றைனோடு கூடும் கொப்ளென்ஸ் முனையில் இறங்கினோம். சற்றுநேரம் நீரையே நோக்கி நின்ற தமையனார், "எங்கள் பங்குக் கிணற்றுத் தண்ணீர் இப்போதும் அதே ருசிதானோ?" என்று கேட்டார்.

"குளிப்பதற்கு அள்ளுகிறோம், அண்ணை. குடிப்பதற்குப் போத்தல் நீர் வாங்குகிறோம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. தோட்டங்களில் அளவின்றி இட்ட உரம் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நம் கிணறுகளிற் சேர்வதை ஆராய்ந்தோர் பல்லாண்டாகச் சொல்லிவருகின்றனர். மொழியாலும் பழம்பகையாலும் பிரிந்திருந்த நாடுகள் கூடி ஓர் ஆற்றை மீட்டுக்கொண்டன. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் நாம் ஒரு கிணற்றைக் காத்துக்கொள்ள இயலாதோ?